ஆற்றில் போட்ட காற்று

விருத்தாசலத்துக்காரர்களிடம், "ஏன் ஸார், ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறீர்கள்?" என்று கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். "அது எங்க ஊர் சமாசாரம்தாங்க" என்று நிமிர்ந்து உட்காருவார்கள். திருமுதுகுன்றம் என்கிற விருத்தாசலத்தில் சிவபெருமான் கொடுத்த 12,000 பொன்னைச் சுந்தரர் மணிமுத்தாற்றில் போட்டார். பிறகு திருவாரூர் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது கதை.

சுந்தரருக்குக் கிடைத்தது. நீங்களும் நானும் தேடினால் சேறுதான் கிடைக்கும்.

என் அக்கா பையன் அதே ஊரில் காற்றை ஒரு இடத்தில் விட்டுவிட்டு இன்னொரு இடத்தில் தேடினான். இன்னும் இரண்டு நாள் தேடியிருந்தால் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய் போயிருக்கும். அந்தக் கதையைச் சொல்கிறேன். கார் வைத்திருப்பவர்கள் கவனமாகப் படிக்கவும். கார் இல்லாதவர்கள், அப்பா இருந்தால் படிக்கவும்.

*

அத்தான் விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்தவர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைத் தோண்டும்போது மேலே கிடைக்கிற வெள்ளைக் களிமண்தான் இந்த ஊர் பீங்கானுக்கு மூலதனம். பீங்கான் ஃப்யூஸ், இன்சுலேட்டர், ஊறுகாய் ஜாடி, பொம்மை எல்லாம் அதிலிருந்து பிறக்கும். பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு அரசு பாலிடெக்னிக்கும் இங்கே உண்டு.

அத்தானுக்கு ஒரு பழக்கம். எந்த வீட்டுக்குப் போனாலும் காபி கொடுத்தால், குடித்து முடித்ததும் கோப்பையை விரல் நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். 'டங்' என்றால் நல்ல கோப்பை. 'டொக்' என்றால் எங்கேயோ கண்ணுக்குத் தெரியாத கீறல். "அடுத்த மாசம் கைப்பிடி கையோட வந்துடும்மா" என்பார். வரும். இதனாலேயே பல வீடுகளில் அவருக்கு எவர்சில்வர் டம்ளர்தான்.

பையனுக்கு நெய்வேலிப் பக்கம் ஆபீஸ் வேலை. வயசு இருபத்தெட்டு. பதினொரு மாதத்துக்கு முன்னால், செகண்ட் ஹாண்டில், ஒன்பது வருஷம் ஓடின ஒரு டர்போ ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். பெட்ரோல். இரண்டு கதவு. கம்பெனி பெயர் வேண்டாம், பாவம், அவர்கள் மேல் தப்பில்லை. மாடியில் ஒரு ரூம் எடுக்கலாம் என்று அப்பாவும் பிள்ளையும் சேர்த்து வைத்திருந்த பணத்தில் பிள்ளையின் பங்கு, கொஞ்சம் லோன், கொஞ்சம் துணிச்சல். அப்பாவைக் கேட்கவில்லை.

அத்தான் வாசலில் நின்று காரை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "பின்னாடி சீட்டுல யாரு உக்காருவாங்க? முழங்கால் இல்லாதவங்களா?" என்றார். உள்ளே போய்விட்டார். அன்றைக்கு நின்றது பேச்சு.

பேச்சு நின்றது என்றால் செய்தி நிற்கவில்லை. நடுவில் அக்கா இருந்தாள்.

"உம் புள்ளைகிட்ட சொல்லு, ராத்திரி பன்னண்டு மணிக்கு கேட்டைத் தெறந்து தெரு முழுக்க எழுப்ப வேணாம்னு."

"உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா, கரண்டு பில்லு கட்டியாச்சுன்னு."

இரண்டு பேரும் ஒரே ஹாலில், ஆறடி தூரத்தில், இப்படித்தான். அக்கா ஒரு முனையில் சூடாக வாங்கி, கொஞ்சம் ஆறவைத்து, இன்னொரு முனையில் கொடுத்துக்கொண்டிருந்தாள். இது இந்தக் கட்டுரைக்கு மிக முக்கியமான விஷயம். ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

*

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், மந்தாரக்குப்பம் தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் பண்ண மிதித்திருக்கிறான் பையன். எங்கிருந்தோ 'உஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். பாதி லாரியைத் தாண்டின கார் அங்கேயே யோசிக்க ஆரம்பித்துவிட்டது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. காலை எடுத்தால் ஒழுங்காக ஓடுகிறது, மிதித்தால் 'உஸ்' என்கிறது, நகரமாட்டேன் என்கிறது. நூற்றறுபது குதிரைகளில் பாதி இறங்கி நடந்து போய்விட்டன. கடைசியில் ஒரு டி.வி.எஸ். 50 அவனைத் தாண்டிப் போனதாம். அதில் மூன்று பேர், ஒரு ஆடு.

பெரிய ஊர் ஒன்றில் பெரிய சர்வீஸ் சென்டர். கம்ப்யூட்டரைச் செருகிப் பார்த்தார்கள். 'பூஸ்ட் பிரஷர் குறைவு' என்று வந்தது. ஒரு குழாயைக் கழற்றிப் பார்த்தார்கள். உள்ளே ஆயில் ஈரம். அவ்வளவுதான். "டர்போ போயிடுச்சு ஸார். அசெம்ப்ளி மாத்தணும். லேபரோட ஒண்ணு முப்பது." அச்சடித்த எஸ்டிமேட், கண்ணாடி டம்ளரில் பன்னீர் சோடா.

கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது 'வயிற்று வலி' என்று மட்டும்தான் சொல்லும். என்ன சாப்பிட்டாய் என்று சொல்லாது. அதை நாம்தான் கேட்க வேண்டும்.

பையன் காரை மெதுவாக வீட்டுக்கு ஓட்டி வந்து நிறுத்தினான். விற்றுவிடலாம் என்று முடிவு. அக்கா எனக்கு ஃபோன் பண்ணி அழுதாள். "அவர் சிரிக்கக்கூட இல்லடா. சிரிச்சிருந்தாக்கூடப் பரவால்ல" என்றாள். ஒரு கல்யாணத்துக்கு எப்படியும் விருத்தாசலம் போகவேண்டியிருந்தது. ஒரு நாள் முன்னதாகவே ரயிலேறினேன்.

*

டர்போ என்றால் என்ன என்று கேட்கத் தயங்கிக்கொண்டே இருப்பவர்களுக்காக இரண்டு பாரா. தெரிந்தவர்கள் அடுத்த நட்சத்திரத்துக்குத் தாவவும்.

இன்ஜின் பெட்ரோலை மட்டும் குடிப்பதில்லை, காற்றையும் குடிக்கிறது. நிறையக் காற்று கொடுத்தால் நிறையப் பெட்ரோலை எரிக்கலாம், நிறைய சக்தி. வெளியே போகிற புகைக்கு வேகமும் சூடும் இருக்கிறதே, அதை வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி உள்ளே தள்ளலாமே என்று ஆல்ஃப்ரெட் பியூக்கி என்கிற சுவிட்சர்லாந்துக்காரர் 1905-ல் காப்புரிமை வாங்கினார். அதுதான் டர்போ. நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். 1918-ல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் என்பவர், உயரத்தில் காற்று மெலிந்த இடத்தில் விமான இன்ஜின் மூச்சு வாங்குகிறதே என்று, பைக்ஸ் பீக் மலையின் 14,000 அடி உச்சிக்கே ஒரு இன்ஜினைக் கொண்டுபோய் டர்போ மாட்டிச் சோதித்தார். 1977-ல் ரெனோ கம்பெனி ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு முதல் டர்போ காரைக் கொண்டுவந்தது. அது அடிக்கடி புகை விட்டு நின்றதால் 'மஞ்சள் டீ பாட்' என்று கேலி செய்தார்கள். இரண்டு வருஷம் கழித்து 1979-ல் பிரான்ஸில் அந்தக் கம்பெனியின் டர்போ கார் ஜெயித்தபிறகு கேலி செய்தவர்கள் எல்லாம் டர்போ வாங்கப் போனார்கள். இன்றைக்குச் சென்னைக்குத் தெற்கே பையனூரிலேயே டர்போ தயாரிக்கிறார்கள். வீட்டு வாசலில் மணல் கொட்டிவிட்டுப் போகிற டிப்பர் லாரிக்கும் டர்போ உண்டு.

ஒரு சிக்கல். சைக்கிள் பம்ப் அடித்திருக்கிறீர்களா? அடி சுடும். காற்றை அமுக்கினால் சூடாகும். டர்போவிலிருந்து வரும் காற்று நூறு டிகிரியைச் சுலபமாகத் தாண்டும். சூடான காற்று மெலிந்த காற்று. ஏறத்தாழ மூன்று டிகிரி ஏறினால் ஒரு சதவீதம் காற்று நஷ்டம். கஷ்டப்பட்டு அமுக்கியதெல்லாம் வீண். அதனால் நடுவில் ரேடியேட்டர் மாதிரி ஒன்றை வைத்து, காற்றை ஆற்றி இன்ஜினுக்கு அனுப்புகிறார்கள். அதுதான் இன்டர்கூலர். போர்ஷே 911 டர்போவில் 1978-ல் பின்பக்க இறக்கைக்கு அடியில் இதை வைத்தார்கள். நம் பையன் காரில் முன் பம்பருக்குப் பின்னால் இருக்கிறது. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு, அங்கிருந்து இன்ஜினுக்கு என்று காற்று போகிற வழியில்தான் ஹோஸ்கள். கனத்த ரப்பர், உள்ளே துணி நெய்தது, இரண்டு முனையிலும் கிளாம்ப்.

*

"ஏன் ரப்பர்? இரும்புக் குழாய் போட்டால் கிழியாதே?" என்று நான் கேட்டேன். கேட்ட இடம், டிப்பர் லாரிகள் பார்க்கிற ஒரு மெக்கானிக்கின் ஷெட். கல்யாணத்துக்கு முந்தின நாள். பையனை வற்புறுத்தி காரை அங்கே கொண்டுவரச் செய்திருந்தேன். "லாரி மெக்கானிக்கா மாமா?" என்று முகம் சுளித்தான். "டர்போ ஹோஸ் தினமும் மாத்தற கைடா, உன் சர்வீஸ் சென்டர்ல மாசத்துக்கு ஒண்ணு மாத்தினா அதிகம்" என்றேன்.

மெக்கானிக் அண்ணன் பீடியை அணைத்தார். "இன்ஜின் ரப்பர் மவுண்டிங்ல உக்காந்துருக்கு சார். ஸ்டார்ட் பண்ணா ஆடும். மிதிச்சா சாயும். கூலரு பாடியில போல்ட் போட்டுருக்கு, அது அசையாது. ஒண்ணு ஆடுது, ஒண்ணு ஆடமாட்டேங்குது. நடுவுல இரும்பு வச்சா ஒடஞ்சிரும். ரப்பருதான் ரெண்டு பேருக்கும் வளைஞ்சு குடுக்கும். அதனால அதுதான் மொதல்ல போவும்."

எனக்கு அக்கா ஞாபகம் வந்தது.

அத்தானையும் அழைத்து வந்திருந்தேன், 'காபி சாப்பிடப் போகலாம்' என்று பொய் சொல்லி. அவர் பத்தடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, டிப்பர் லாரியின் டயரை ஆராய்கிற மாதிரி நின்றுகொண்டார்.

மெக்கானிக் முதலில் டர்போவைத்தான் பார்த்தார். ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, விரலை விட்டு, தண்டைப் பக்கவாட்டில் அசைத்தார், முன்னும் பின்னும் இழுத்தார். "பக்கத்துக்கு ஒரு இம்மி ஆடும், அது இருக்கணும். முன்ன பின்ன ஆட்டம் இருந்தா போச்சுன்னு அர்த்தம். இதுல இல்ல. பிளேடு எதுவும் ஒரசல. சுத்திப் பாருங்க, பம்பரம் மாதிரி போவுது. டர்போ நல்லாத்தான் இருக்கு தம்பி. அழுவுறது வேற யாரோ."

"ஆயில் இருந்ததே?"

"ஈரம் எல்லா வண்டியிலயும் இருக்கும். இன்ஜின் விடற மூச்சுல ஆயில் ஆவி வரும், அதைத் திருப்பி உள்ளதான விடறான். ஊத்துனா பயப்படணும். ஈரத்துக்குப் பயப்படக்கூடாது."

அடுத்து காற்று எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் எல்லா ஹோஸும் புதுசு மாதிரி இருந்தன. அங்கேதான் சர்வீஸ் சென்டரும் ஏமாந்தது. வெடிப்பு, அழுத்தம் இருக்கும்போதுதான் வாயைத் திறக்கும். இல்லாதபோது மூடிக்கொண்டு நல்ல பிள்ளையாக இருக்கும்.

அப்போது டிப்பர் லாரி டயரிடமிருந்து ஒரு குரல் வந்தது. "சைக்கிள் டியூப்ல பஞ்சர் பாக்கறவன் என்ன பண்ணுவான்? காத்தடிச்சுத் தண்ணியில முக்குவான். அவன்கிட்டச் சொல்லுங்க."

மெக்கானிக்கிடம்தான் சொன்னார். 'அவன்' இரண்டடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"அதேதாங்க பெரியவரே" என்றார் மெக்கானிக். மூலையிலிருந்து ஒரு வஸ்துவை எடுத்துவந்தார். பிளம்பிங் கடையில் விற்கும் பி.வி.சி. மூடி, நடுவில் துளை போட்டு ட்யூப்லெஸ் டயர் வால்வு சொருகியிருந்தது. மொத்தச் செலவு நூறு ரூபாய் இருக்காது. ஏர் ஃபில்டர் குழாய் இருந்த வாயில் அதை வைத்துக் கிளாம்ப் போட்டு, டயருக்குக் காற்றடிக்கிற பைப்பை மாட்டினார். இன்ஜின் ஆஃப். பத்து, பன்னிரண்டு பவுண்டுக்கு மேல் போகாமல் காற்று விட்டார். அது அந்தக் காரின் டர்போ தள்ளுகிற அளவுதான், டயரில் இருப்பதில் பாதிகூட இல்லை. மேலே போனால் இன்ஜினில் வேறு எதையாவது பிதுக்கிவிடுமாம். பிறகு ஒரு பாட்டிலில் சோப்புத் தண்ணீர் எடுத்து ஹோஸ் ஹோஸாக அடித்தார்.

மேலே ஒன்றும் இல்லை. கிளாம்ப்புகளில் ஒன்றும் இல்லை. 'உஸ்' மட்டும் கேட்கிறது.

அத்தான் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்த்தார். காபிக் கோப்பையைத் தட்டும்போது வைத்துக்கொள்கிற அதே முகம்.

"மேல இல்ல. கீழ. எடது பக்கம்" என்றார் லாரி டயரிடம்.

பையன் ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினான். சோப்புத் தண்ணீர் பாட்டிலுடன் மல்லாந்து படுத்து, தலையைக் காருக்குள் நுழைக்கப் போனான்.

"டேய்! ஸ்டாண்டு போடாம உள்ள போகாதடா!"

ஷெட்டே திரும்பிப் பார்த்தது. அத்தான் பத்தடியையும் தாண்டி வந்து பையனின் காலைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தார். "ஜாக்கியை நம்பி எவனாவது கழுத்தைக் குடுப்பானா? எத்தனை பேரு போயிருக்கான் தெரியுமா? படிச்சவன்தானே நீ?"

பதினொரு மாதத்தில் பிள்ளையிடம் நேராகப் பேசின முதல் வாக்கியங்கள். பையன் தரையில் உட்கார்ந்தபடி, "சரிப்பா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். மெக்கானிக் இரண்டு ஸ்டாண்டுகளை எடுத்து வந்து வைத்தார், எதையும் கவனிக்காதவர் மாதிரி.

மறுபடி காற்று, மறுபடி சோப்பு. டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகிற சூடான பக்கத்து ஹோஸின் அடி வளைவில், நகக்கண் அளவு வெடிப்பு. பொங்கல் பானை மாதிரி நுரை பொங்கியது. ஒன்பது வருஷச் சூடும் ஆயில் ஆவியும் ரப்பரை உள்ளேயிருந்து ஊறவைத்து, அடியில் மெல்லியதாக்கியிருந்தன.

ஒரு லட்சத்து முப்பதாயிரம் ரூபாய், நகக்கண் அளவு.

*

மாற்றுவது என்று முடிவானதும் பையன் மொபைலை எடுத்தான். சிவப்பு நிற சிலிக்கான் ஹோஸ் செட், பார்க்க ஆஞ்சநேயர் கோவில் கொடிமரம் மாதிரி பளபளவென்று. மெக்கானிக் தலையசைத்தார். சிலிக்கான் சூட்டைத் தாங்கும், ஆனால் சாதா சிலிக்கான் ஆயிலைத் தாங்காது. உள்ளே ஃப்ளூரோ பூச்சு இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும், விலை ஏறும்.

அத்தான் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பழசு எத்தனை வருஷம் ஓடிச்சு?"

"ஒம்பது வருஷம்ப்பா."

"அப்ப அதையே வாங்கு."

கம்பெனி ஹோஸ், நாலும் சேர்த்து, புது கிளாம்ப்புகளோடு பதினோராயிரத்துச் சொச்சம். நாலும் எதற்கு என்றால், நாலுக்கும் ஒரே வயசு. ஒன்றை மட்டும் புதுசாகப் போட்டால் அழுத்தம் அடுத்த நோஞ்சானைத் தேடிப் போகும். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் பார்சல் வந்தது. நானும் லீவை நீட்டித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பார்த்ததைச் சொல்கிறேன், உங்கள் காருக்கும் உதவும்.

இன்ஜின் நன்றாக ஆறியபிறகு தொட வேண்டும். கழற்றுவதற்கு முன் ஹோஸ் எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று சாக்பீஸால் ஒரு கோடு. ஒட்டிக்கொண்ட ஹோஸை ஸ்க்ரூடிரைவரால் நெம்பக்கூடாது. அலுமினியக் குழாயில் கீறல் விழுந்தால் அதுவே அடுத்த ஓட்டை. கையால் பிடித்து முறுக்கினால் வரும். இன்டர்கூலரில் தேங்கின ஆயிலை வடித்துவிட்டு, குழாய் முனைகளைத் துணியால் பளிச்சென்று துடைக்க வேண்டும். ஹோஸை மாட்டும்போது கிரீஸோ ஆயிலோ தடவவே கூடாது. ஏறுவதற்குச் சுலபம், இறங்குவதற்கு அதைவிடச் சுலபம்! வேண்டுமானால் கொஞ்சம் சோப்புத் தண்ணீர், அது காய்ந்துவிடும்.

குழாய் முனையில் ஒரு வரம்பு மாதிரி மேடு இருக்கும். கிளாம்ப் அந்த மேட்டின் மேல் உட்காரக் கூடாது. மேட்டைத் தாண்டி உள்ளே உட்கார வேண்டும். அந்த மேடு ஏன் என்று மெக்கானிக் கணக்கு போட்டுக் காட்டினார். ஹோஸின் உள்விட்டம் 6 சென்டிமீட்டர் என்றால் வாயின் பரப்பு 28 சதுர சென்டிமீட்டர். டர்போ ஒரு கிலோ அழுத்தம் கொடுத்தால், 28 கிலோ ஹோஸைக் கழற்றித் தள்ளுகிறது. ஒரு ஏழெட்டு வயதுப் பையன் ஹோஸைப் பிடித்துத் தொங்குகிற மாதிரி, ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும்.

அதற்காக கிளாம்ப்பைக் கண்ணை மூடிக்கொண்டு இறுக்கினால் ரப்பரை அறுத்துவிடும். பிடிக்கிற வரை இறுக்கு, கதறுகிற வரை இறுக்காதே என்றார். ஹோஸ் எங்கும் பெல்ட்டிலோ பாடியிலோ உரசக்கூடாது. நாலைந்து நாள் ஓட்டி, சூடாகி ஆறி ரப்பர் செட்டானதும், திருகுக் கிளாம்ப் என்றால் ஒருமுறை பார்த்து இறுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மறந்துவிடுவதாக மெக்கானிக்கின் வருத்தம்.

கடைசியில் மறுபடியும் பி.வி.சி. மூடி, மறுபடியும் சோப்புத் தண்ணீர். நுரை இல்லை. 'உஸ்' இல்லை. கம்ப்யூட்டரில் மஞ்சள் விளக்கை அழித்தார்கள். அது திரும்ப வரவில்லை. லேபர் எண்ணூறு ரூபாய். அந்த பி.வி.சி. மூடி மாதிரி இன்னொன்று செய்து தரச் சொல்லி பையன் வாங்கிக்கொண்டான்.

*

வேலை நடந்துகொண்டிருந்தபோது இன்னொன்று நடந்தது. மெக்கானிக் ஒரு ஸ்பார்க் ப்ளக்கைக் கழற்றித் துணியின் மேல் வைத்தார். அத்தான் அதை எடுத்தார். வெள்ளைப் பகுதியை நகத்தால் தட்டினார். காதருகே வைத்து இன்னொரு தட்டு.

"அலுமினா. நல்லா சுட்டுருக்கான்" என்றார்.

பையன் கொஞ்ச நேரம் ஹோஸைத் துடைத்தான். பிறகு நிமிராமல் சொன்னான். "டர்போவுல சுத்தற சக்கரத்தையே செராமிக்ல பண்ணியிருக்கான்ப்பா. ஜப்பான்ல நிஸ்ஸான். 1985-ல. ஃபேர்லேடினு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்ல."

"பீங்கான் சக்கரமா? லட்சம் சுத்து சுத்துறதா?"

"பீங்கான் இல்ல, சிலிக்கான் நைட்ரைடு. இரும்பை விட எடை கம்மி. சீக்கிரம் சுத்த ஆரம்பிக்கும்."

"சூடு?"

"பெட்ரோல் கார்ல புகை தொள்ளாயிரம் டிகிரி வரைக்கும் வரும்ப்பா."

அத்தான் முகத்தில் முதல்முறையாக ஒரு ஏளனப் புன்னகை. "தொள்ளாயிரமா? எங்க சூளை ஆயிரத்து இருநூறைத் தாண்டும்டா. அதுக்கு எதுக்கு நைட்ரைடு?" என்றவர், அரை நிமிஷம் கழித்து, "ஆனா தட்டினா உடையுமே?" என்றார்.

"உடையும். ரொம்ப பிரஷர் ஏத்தினவங்களுக்கு உடைஞ்சுருக்கு."

"சொல்லல?" என்றார் அத்தான் பரம திருப்தியுடன். யாரிடம் எப்போது சொன்னார் என்று தெரியவில்லை. ஆனால் அந்த இடத்தில் முப்பத்து நாலு வருஷ அனுபவம் ஜப்பானை ஜெயித்துவிட்டது. நானும் மெக்கானிக்கும் டீ சாப்பிடப் போய்விட்டோம். திரும்பி வரும்போது இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, ஆணியால் மண்ணில் டர்போ படம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சோதனை ஓட்டத்துக்கு அத்தான் முன் சீட்டில் ஏறினார். நான் பின் சீட்டில். அவர் சொன்னது வாஸ்தவம், முழங்கால் இல்லாதவர்களுக்கான சீட்தான். மந்தாரக்குப்பம் ரோட்டில் பையன் மிதித்தான். அத்தான் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போடா" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "இன்னும் வருமா?" என்றார்.

*

ஊருக்குத் திரும்பி இரண்டு வாரம் கழித்து அக்காவுக்கு ஃபோன் பண்ணினேன். சந்தோஷமாக இருப்பாள், நன்றி சொல்வாள், அடுத்த தடவை அதிரசம் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பு.

"எங்கடா, ரெண்டு பேரும் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அந்தக் காருக்கு அடியில கெடக்கறாங்க. ஸ்டாண்டு போட்டுத்தான். இவரு வெளக்குப் புடிக்கறாரு, அவன் திருகறான். சிலிக்கானு, நைட்ரைடுனு ஏதேதோ பேசறாங்க. மாடி ரூம் பேச்சையே காணோம்" என்றாள்.

"நல்லதுதானேக்கா?"

"என்ன நல்லது? பதினோரு மாசம் இந்த வீட்டுல ஒரு சேதி நான் இல்லாம நகராது. இப்ப ரெண்டு பேரும் என்கிட்டப் பேசறதையே நிறுத்திட்டாங்கடா!"